பழைய கணிப்பொறிக்கு மின்சாரம் கொடுக்குமுன்



சென்ற கோடையில் ஒரு மாலை வேளை. விசைத்தறி வைத்திருக்கும் குடும்பத்தைச் சேர்ந்த சகோதரி ஒருவர், ஒரு பழைய கணிப்பொறியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். காலஞ்சென்ற அவருடைய தகப்பனார் 1990களில் வாங்கிய 486 ரகக் கணிப்பொறி அது. தறிக்கூடத்துக் கணக்குகளோடு, தங்கள் குடும்பம் சங்கரன்கோவிலுக்கு வந்து நெசவுத் தொழிலில் இறங்கிய கதையையும் அவர் கொஞ்சம் கொஞ்சமாக அதில் தட்டச்சு செய்து வைத்திருந்தாராம். அச்செடுத்த பிரதி ஒன்றுகூட இல்லை. பெட்டியோ பதினைந்து வருடங்களாகப் பரணில் கிடந்தது.

"ஐயா, ஒரே ஒரு தடவை இத ஓட வச்சு அப்பா எழுதினத மட்டும் எடுத்துத் தந்துருங்க. அதுக்கப்புறம் இது ஓடலைன்னாலும் பரவாயில்ல" என்றார்.

இறையியல் கல்லூரியில் படித்த நாட்களில் விடுதியின் ரேடியோப் பெட்டிகளைப் பிரித்துப் பூட்டிய பழக்கம் எனக்கு உண்டு. அந்தத் துணிச்சலில் பிளக்கைச் செருகிவிட்டேன். ஸ்விட்சில் விரல் வைக்கிற நேரத்தில், நமது மின்பணியாளரான தம்பி உள்ளே நுழைந்து, "ஐயா, ஸ்விட்சப் போட்டுராதீங்க! மொதல்ல உள்ள என்ன இருக்குன்னு பாப்போம்" என்று கூவினார்.

மூடியைக் கழற்றிப் பார்த்தோம். மின்வழங்கிப் பெட்டிக்குள் தறிக்கூடத்துப் பஞ்சு மெத்தை போலப் படிந்திருந்தது. நடுவே உலர்ந்துபோன ஒரு பல்லி. மூன்று கண்டென்சர்களின் தலை உப்பியிருந்தது. அன்று ஸ்விட்சைப் போட்டிருந்தால், அந்தத் தகப்பனாரின் எழுத்து இருந்த வன்தட்டும் சேர்ந்து போயிருக்கலாம்.

நமது வாசகர்களில் பலர் தங்கள் பழைய கணிப்பொறிகளைப் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் அன்போடு கொடுக்கிறீர்கள். வேறு சிலர் நினைவுக்காக வீட்டில் வைத்திருக்கிறீர்கள். உங்கள் யாவருக்கும் பயன்படும் என்று எண்ணி, அந்த நாட்களில் நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

மின்வழங்கி என்ன செய்கிறது?

கடைக்காரர்கள் இதை எஸ்.எம்.பி.எஸ். என்றே சொல்வார்கள். நமது வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ட் மாறுமின்னோட்டம். அது நொடிக்கு 50 சுழற்சிகளாகத் திசை மாறி மாறி ஓடுகிறது. கணிப்பொறியின் சில்லுகளுக்கு வேண்டியதோ 5 வோல்ட், 12 வோல்ட் போன்ற சிறிய, ஒரே திசையில் ஓடும் மின்சாரம். இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பதே மின்வழங்கி.

பழைய ரேடியோக்களில் இந்த வேலையைக் கனமான இரும்பு டிரான்ஸ்பார்மர் செய்தது. எஸ்.எம்.பி.எஸ். வேறு வழியில் செய்கிறது. வருகிற 230 வோல்ட்டை முதலில் டையோடுகளின் வழியாக ஒரே திசைக்கு மாற்றி, இரண்டு பெரிய கண்டென்சர்களில் சேர்த்து வைக்கிறது. அங்கே அது சுமார் 325 வோல்ட் ஆகிவிடும். பிறகு அதை டிரான்சிஸ்டர்கள் நொடிக்குப் பல்லாயிரம் தடவை துண்டு துண்டாக வெட்டி, ஒரு சிறிய டிரான்ஸ்பார்மருக்குள் அனுப்புகின்றன.

ஒரு குவியல் மணலை நொடிக்கு 50 நடையில் சுமந்து முடிக்க வேண்டுமானால் பெரிய வண்டி வேண்டும். அதே மணலைப் பல்லாயிரம் நடையில் சுமக்கலாம் என்றால் கைப்பிடி அளவுக் கூடை போதும். எஸ்.எம்.பி.எஸ். சிறியதாகவும் எடை குறைவாகவும் இருப்பதன் இரகசியம் இதுதான்.

1977-ல் வெளிவந்த ஆப்பிள் 2 கணிப்பொறிக்கு ராட் ஹோல்ட் என்பவர் இம்முறையில் மின்வழங்கி வடிவமைத்தார். 1981-ல் வந்த ஐ.பி.எம். பி.சி.யின் மின்வழங்கி 63.5 வாட் மட்டுமே. 1983-ல் வந்த எக்ஸ்.டி.க்கு 130 வாட், 1984-ல் வந்த ஏ.டி.க்கு 192 வாட் என்று அது வளர்ந்தது. நம் நாட்டில் பின்னர் பரவிய பெரும்பாலான மேஜைக் கணிப்பொறிகள் இந்த ஏ.டி. வழியில் வந்தவையே. 1995-ல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்ற புதிய அமைப்பை வெளியிட்டது. உங்கள் வீட்டுப் பெட்டி இவ்விரண்டில் எந்த வகை என்று அறிவது மிகவும் முக்கியம். அதைப் பின்னர் விளக்குகிறேன்.

ஏன் கெட்டுப்போகிறது?

முதல் காரணம் வெப்பம். எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்களுக்குள் ஒரு திரவம் இருக்கிறது. சூட்டில் அது மெல்ல உலர்ந்துபோகும். வெப்பம் 10 பாகை உயர்ந்தால் ஆயுள் பாதியாகும், 10 பாகை குறைந்தால் இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. 105 பாகையில் 2,000 மணி நேரம் என்று குறிக்கப்பட்ட கண்டென்சர் 85 பாகையில் 8,000 மணி நேரமும், 65 பாகையில் 32,000 மணி நேரமும் உழைக்கும். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் ஓடினால், முதலாவது மூன்று வருடம்கூட நிற்காது. இரண்டாவது ஏறக்குறைய பதினொரு வருடம் நிற்கும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் ஒரு சிறிய விசிறிதான். நம் ஊர்க் கோடையில், பஞ்சு அடைத்து அந்த விசிறி நின்றுபோனால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது காரணம் மின்தடை. 2012-ல் தமிழகத்தின் பல மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாக மின்சாரம் இல்லாமல் இருந்ததை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். மின்சாரம் போவதைவிட, அது திரும்பி வருகிற நொடியே மின்வழங்கிக்கு ஆபத்தானது. காலியாக இருக்கும் பெரிய கண்டென்சர்கள் அந்த நொடியில் தாகத்தோடு மின்சாரத்தை இழுக்கின்றன. கூடவே தெருவிலுள்ள மோட்டார்கள் ஒன்றாகக் கிளம்புவதால் வோல்டேஜ் தாழ்ந்து உயர்கிறது. ஆகவே கரண்ட் போனவுடன் ஸ்விட்சை அணைத்துவிட்டு, அது திரும்பி வந்து சில நிமிடங்கள் கழித்துப் போடுவது நல்லது.

மூன்றாவது காரணம் முதுமை. 1980களின் பல கருவிகளில், மின்சாரம் நுழையும் இடத்தில் காகிதத்தால் செய்த ஒருவகை வடிகட்டிக் கண்டென்சர் இருக்கும். வருடங்கள் செல்லச் செல்ல அதன் மேலோடு வெடித்து, காற்றின் ஈரம் உள்ளே இறங்கும். பிறகு ஒருநாள் மின்சாரம் கொடுத்ததும் அது புகைந்து வெடிக்கும். இந்தியப் பள்ளிகளில் கணிப்பொறிக் கல்வியைப் புகுத்த 1984-ல் தொடங்கிய "கிளாஸ்" என்ற மத்திய அரசுத் திட்டத்தில் பி.பி.சி. மைக்ரோ என்ற பிரிட்டிஷ் கணிப்பொறிகள் வழங்கப்பட்டன. இந்தப் புகைநோய்க்குப் பேர்போனது அந்த ரகம். அவற்றில் ஒன்று எந்தப் பள்ளியின் அலமாரியிலாவது இன்னும் இருக்குமானால், இந்தக் கண்டென்சர்களை மாற்றாமல் தயவுசெய்து மின்சாரம் கொடுக்க வேண்டாம்.

பின்புறத்துச் சிறிய சிவப்பு ஸ்விட்ச்

வெளிநாட்டிலிருந்து கணிப்பொறி கொண்டுவரும் அன்பர்களுக்கு ஒரு விசேஷ வேண்டுகோள். பல பழைய மின்வழங்கிகளின் பின்புறம் 115, 230 என்று எழுதிய சிறிய ஸ்விட்ச் இருக்கும். பெரும்பாலும் சிவப்பு நிறத்தில் இருக்கும். அமெரிக்காவில் சுமார் 120 வோல்ட் மின்சாரம் என்பதால் அங்கே அது 115-ல் வைக்கப்பட்டிருக்கும். அந்த நிலையில் உள்ளிருக்கும் சுற்று, வருகிற வோல்டேஜை இரட்டிப்பாக்குகிறது. நம் ஊர் 230 வோல்ட்டை அப்படியே கொடுத்தால் உள்ளே 650 வோல்ட் உருவாகப் பார்க்கும். அங்கே இருப்பவையோ பெரும்பாலும் 200 வோல்ட் தாங்கும் இரண்டு கண்டென்சர்கள். ஒரே நொடியில் வெடித்துவிடும். கடல் கடந்து வந்த பெட்டி வீணாவதற்கு இந்த ஒரு ஸ்விட்ச் போதும். அனுப்புமுன்பும் செருகுமுன்பும் அதைப் பாருங்கள்.

உயிர் பெரியது

மின்வழங்கிப் பெட்டியைத் திறக்கிறவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை வாசியுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தப் பெரிய கண்டென்சர்களில் 325 வோல்ட் தங்கியிருக்கலாம். அதை வடியச் செய்வதற்கென்று உள்ளே தடைகள் உண்டு. ஆனால் கெட்டுப்போன பெட்டியில் அந்தத் தடையே கெட்டிருக்கக்கூடும். ஆகவே பிளக்கைப் பிடுங்கிச் சற்று நேரம் காத்திருக்க வேண்டும். பிறகு மல்டிமீட்டரால் அளந்து பார்க்க வேண்டும். மின்சாரம் மிச்சமிருந்தால், ஹோல்டரில் மாட்டிய குண்டு பல்பின் இரு கம்பிகளை வைத்து வடித்துவிட்டு, மீண்டும் அளக்க வேண்டும். திருப்புளியைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்கவிடுவது ஆபத்தான பழக்கம்.

ஏ.டி. வகைப் பெட்டிகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அவற்றின் முன்பக்க ஸ்விட்சுக்கு வருகிற தடித்த கம்பிகளில் ஓடுவது சுவரிலிருந்து வரும் அதே 230 வோல்ட். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த இடத்தில் கை வைக்கலாகாது. இந்த வேலையில் பழக்கமில்லாதவர்கள் பெட்டியைத் திறக்காமல், தெரிந்தவரிடம் கொடுப்பதே சிறந்தது. தெரிந்தவரும் தனியாக இருக்கும்போது செய்ய வேண்டாம்.

பழுது பார்த்த விதம்

தம்பி செய்த முதல் காரியம், மின்வழங்கியை மற்ற எல்லாவற்றிலிருந்தும் பிரித்ததுதான். வன்தட்டின் கம்பியும், தாய்ப்பலகையின் கம்பியும் கழற்றப்பட்டன. கெட்ட மின்வழங்கி 5 வோல்ட் கொடுக்க வேண்டிய இடத்தில் அதிகமாகக் கொடுத்துவிட்டால், அதனோடு சேர்ந்திருக்கும் யாவும் அழியும். எனவே அது தனியாகத் தேறிய பின்னரே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும்.

அடுத்ததாக ப்யூஸைப் பார்த்தார். கண்ணாடி ப்யூஸின் உள்ளே கம்பி லேசாக உருகியிருந்தால் ஒருவேளை முதுமையாக இருக்கலாம். கண்ணாடி கறுத்துப்போயிருந்தால் உள்ளே ஏதோ பலமாக ஷார்ட் ஆகியிருக்கிறது என்று பொருள். அப்போது டையோடுகளையும் டிரான்சிஸ்டர்களையும் சோதிக்காமல் புது ப்யூஸ் போடக்கூடாது. பெரிய ப்யூஸோ, வெறும் கம்பியோ போடவே கூடாது. எங்கள் பெட்டியில் ப்யூஸ் நன்றாக இருந்தது.

பஞ்சையும் பல்லியையும் பிரஷ்ஷால் துடைத்து எடுத்தோம். உப்பிய கண்டென்சர்களையும், அவற்றின் அருகில் வெளிப்பார்வைக்கு நன்றாக இருந்தவற்றையும் ஈயத்தை உருக்கிக் கழற்றி, புதியவை வைத்தோம். மைக்ரோபாரட் அளவு அதேதான் இருக்க வேண்டும். வோல்ட் அளவு அதே, அல்லது சற்றுக் கூடுதல். வெப்பத் தாங்குதிறன் 105 பாகை, உள்தடை குறைந்த ரகம். எதிர்முனையைக் காட்டும் பட்டைக் கோடு பழையது இருந்த திசையிலேயே இருக்க வேண்டும். மாற்றி வைத்தால் வெடிக்கும். வடிகட்டிக் கண்டென்சரையும் மாற்றி, விசிறியையும் புதிதாகப் போட்டோம்.

பின்பு சீரிஸ் பல்ப் சோதனை. 100 வாட் குண்டு பல்பு ஒன்றை மின்பாதையில் தொடராக இணைத்து அதன் வழியே மின்சாரம் கொடுத்தோம். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுப் பிரகாசமாக எரிந்துகொண்டே இருக்கும், பெட்டி பிழைத்துக்கொள்ளும். நன்றாக இருந்தால் ஒரு கணம் மின்னி மங்கிவிடும். எங்களுடையது மின்னி மங்கியது. அதைப் பார்த்தபின்தான் எனக்கு மூச்சே வந்தது.

பழைய எஸ்.எம்.பி.எஸ். பலவும் சுமை இல்லாமல் சரியாக ஓடாது. அதற்காக 5 வோல்ட் கம்பியில் ஒன்றும் 12 வோல்ட் கம்பியில் ஒன்றுமாக, இரண்டு வாகன பல்புகளை மாட்டி, சீரிஸ் பல்பை எடுத்துவிட்டு மல்டிமீட்டரில் அளந்தோம். சிவப்புக் கம்பியில் 4.75-க்கும் 5.25-க்கும் இடையிலும், மஞ்சள் கம்பியில் 11.4-க்கும் 12.6-க்கும் இடையிலும் இருக்க வேண்டும். இரண்டும் அந்த எல்லைக்குள் நின்றன. ஒரு மணி நேரம் ஓடவிட்டு மறுபடியும் அளந்தோம். மாற்றமில்லை.

பழையதற்குப் பதில் புதியது

எல்லாப் பெட்டியும் இப்படிப் பிழைப்பதில்லை. டிரான்ஸ்பார்மர் கருகியிருந்தாலோ, பலகையே எரிந்திருந்தாலோ, புதிய ஏ.டி.எக்ஸ். மின்வழங்கியைப் பொருத்துவதே விவேகம். அப்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு.

ஏ.டி. தாய்ப்பலகையில் பி8, பி9 என்ற இரண்டு செருகிகள் பக்கம் பக்கமாகச் செருகப்படும். இரண்டின் கறுப்புக் கம்பிகளும் நடுவில் அடுத்தடுத்து வர வேண்டும். இடம் மாற்றிச் செருகினால் பலகை எரிந்துபோகும். ஏ.டி.எக்ஸ். மின்வழங்கியை ஏ.டி. பலகையில் பொருத்துவதற்கு மாற்றுச் செருகி கிடைக்கிறது. ஏ.டி.எக்ஸ்.-ல் சுவர் மின்சாரம் முன்பக்க ஸ்விட்சுக்கு வருவதில்லை. பச்சைக் கம்பியைக் கறுப்புக் கம்பியோடு சேர்த்தால் அது விழித்துக்கொள்ளும். ஆகவே பழைய முன்பக்க ஸ்விட்சின் 230 வோல்ட் கம்பிகளை முழுவதும் அகற்றிவிட்டு, இந்த இரண்டு கம்பிகளை அதில் இணைத்துக்கொள்ளலாம். கணிப்பொறி முன்னைவிடப் பாதுகாப்பானதாகிறது. மேம்படுத்துவதில் கிடைக்கும் பெரிய ஆதாயம் இதுவே என்பேன்.

வாட் கணக்கை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம். இன்றைய மின்வழங்கிகள் தங்கள் பலத்தின் பெரும்பகுதியை 12 வோல்ட்டில் வைத்திருக்கின்றன. பழைய கணிப்பொறிகளோ பெரும்பாலும் 5 வோல்ட்டில் உண்டு வாழ்பவை. லேபிளில் 5 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று வாசித்துப் பாருங்கள். மேலும் புதியவற்றில் எதிர் 5 வோல்ட் கிடையாது. சில பழைய ஒலி அட்டைகளுக்கும் வேறு அட்டைகளுக்கும் அது தேவைப்படும். அப்படியானால் எதிர் 12 வோல்ட்டிலிருந்து 7905 என்ற சில்லின் மூலம் அதை உண்டாக்கிக்கொள்ளலாம். 24 முனைச் செருகியை 20 முனையுள்ள பழைய ஏ.டி.எக்ஸ். பலகையில் செருகும்போது, மிஞ்சும் நான்கு முனைகள் வெளியே தொங்குவதில் தவறில்லை.

எர்த் இருக்கிறதா?

கணிப்பொறியின் தகரப் பெட்டியைத் தொட்டால் சுரீரென்கிறது என்று பலர் சொல்வதுண்டு. மின்வழங்கியில் இரண்டு சிறிய கண்டென்சர்கள் மின்கம்பிகளுக்கும் தகரப் பெட்டிக்கும் இடையே இருக்கின்றன. இரைச்சலை எர்த்துக்கு அனுப்புவது அவற்றின் வேலை. சுவரில் எர்த் இல்லாவிட்டால் அந்த மின்சாரத்துக்குப் போகும் வழி இல்லை. பெட்டி ஏறக்குறைய 115 வோல்ட்டில் மிதக்கும். மின்னோட்டம் மிகச் சிறியதுதான். ஆயினும் அதை அலட்சியம் செய்ய வேண்டாம். மூன்று முனைப் பிளக்கின் பெரிய முனையை வெட்டிவிட்டு இரண்டு முனையில் செருகுகிற வழக்கத்தை யாரும் செய்யலாகாது. அதிலும் நோயாளி படுத்திருக்கும் இடத்தில், ஆரோக்கியமுள்ளவருக்கு வெறும் சுரீராக இருப்பது பலவீனமான சரீரத்துக்கு அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது.

முடிவில் நடந்தது

மூன்றாம் நாள் அந்த 486-க்கு மின்சாரம் கொடுத்தோம். தாய்ப்பலகையின் சிறிய பாட்டரி செத்துப்போயிருந்தபடியால், தனக்கு வன்தட்டு ஒன்று உண்டு என்பதையே அது மறந்திருந்தது. வன்தட்டின் மேலே அச்சிட்டிருந்த எண்களைப் பார்த்து நாங்களே அதற்குச் சொல்லிக்கொடுத்தோம். பிறகு அது ஓடியது.

வன்தட்டை மட்டும் கழற்றிப் புதிய கணிப்பொறியில் படித்திருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். அக்காலத்துச் சிறிய வன்தட்டுகள் பலவற்றை இன்றைய இணைப்பிகள் அறிந்துகொள்வதில்லை. அதோடு, அந்தப் பெரியவர் எழுதியது டாஸ் காலத்துத் தமிழ் எழுத்துருவில். இன்றைய கணிப்பொறியில் அது வெறும் கிறுக்கலாகவே தெரியும். அதே பெட்டியில் அதே செயலியைத் திறந்து, இரவல் வாங்கிய டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறியில்தான் அச்செடுத்தோம். நாற்பத்தொரு பக்கங்கள். அந்தச் சகோதரி முதல் பக்கத்தை நின்றபடியே வாசித்தார். தன் பாட்டி தறியில் உட்கார்ந்த முதல் நாளைப் பற்றிய வரிக்கு வந்ததும், "இத எங்கிட்ட அப்பா சொன்னதே இல்லையே ஐயா" என்றார். மீதியை வீட்டில் போய் வாசிப்பதாகச் சொல்லி, காகிதங்களைச் சேலை முந்தானைக்குள் பொதிந்து எடுத்துக்கொண்டு போனார்.

ஆகவே அன்பானவர்களே, பரணில் பழைய கணிப்பொறி இருந்தால் அவசரப்பட்டு ஸ்விட்சைப் போடாதீர்கள், அவசரப்பட்டு எடைக்கும் போடாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் வீட்டாரிடம் கேளுங்கள். பிறகு மின்வழங்கியைத் தனியாகச் சோதியுங்கள். இனி உதவாது என்றால், பழைய இரும்புக் கடைக்கு அல்ல, அங்கீகாரம் பெற்ற மின்னணுக் கழிவு சேகரிப்பாளரிடம் கொடுங்கள். பிறருக்குத் தானமாகக் கொடுப்பதானால், நீங்கள் ஓட்டிப் பார்த்த பெட்டியையே கொடுங்கள். மின்வழங்கி கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே ஒட்டிவிட்டால், அதைத் திறக்கப்போகும் அடுத்த கைக்கு அது பேருதவியாக இருக்கும்.